ஐம்பத்து மூன்று மணியும் ஒரு சிறுமியின் நோட்டும்

(நமது பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் நாளில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இந்தக் கோயில் எழும்பிய வரலாற்றைச் சொல்லப் பெரியவர்கள் பலர் இங்கே இருக்கிறார்கள். நாமோ இன்னும் கட்டி முடியாத கோயில்களைப் பற்றி, அதாவது உங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து பிறருடைய குறைகளைக் கேட்கும் நாம், இன்று நமது குறை ஒன்றை உங்கள் முன் அறிக்கையிட்டுத் தொடங்குவதே முறை.

சென்ற ஆண்டு அக்டோபர், செபமாலை மாதம். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பைப் பார்வையிடச் சென்றோம். எட்டாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி பாடத்தைக் கவனியாமல் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். வாங்கிப் பார்த்தோம். "ஐந்து முறை திரும்பச் செய்: ஒரு பரலோக மந்திரம், பத்து முறை திரும்பச் செய்: அருள் நிறைந்த மரியே" என்று படிப்படியாக எழுதி, அடியில் சிவப்பு மையில், "விடை 50. தப்பு!" என்று போட்டிருந்தாள். தேவதாயின் செபமாலையைத் தப்பு என்று எழுதிக் கேலி செய்கிறாள் என எண்ணி நமக்குக் கோபம் மூண்டது. எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டு, நோட்டைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துப் பூட்டினோம். அவள் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு முதல் கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்காரத் தொடங்கினாள்.

சில வாரங்கள் கழித்து அவளுடைய தாய் பங்கு இல்லத்துக்கு வந்தார். தகப்பன் கொத்தனார்; தாய் தையல் வேலை செய்கிறவர். நோட்டைக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தோம். அவரோ, "சாமி, அந்த நோட்டத் திருப்பிக் குடுத்துடாதீங்க. எங்க வீட்டுல கம்ப்யூட்டர் கிடையாது. பள்ளிக்கூடத்துல ஏதோ கொஞ்ச நேரம் பாத்துட்டு வந்து, இல்லாத மிஷினுக்கு எழுதிக்கிட்டே இருக்கா. எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. நோட்டை எடுத்துப் பிரித்தோம். நாம் புரட்டிப் பார்க்காத அடுத்த பக்கத்தில் அவள் தன் பிழையைத் தானே கண்டுபிடித்திருந்தாள். செபமாலையின் தொடக்கத்தில் வரும் மூன்று மணிகளை விட்டுவிட்டதால்தான் 50 வந்தது. அந்த மூன்றையும் முதலில் சேர்த்தால் 53 வரும் என்று திருத்தி எழுதியிருந்தாள். தப்பு என்று அவள் சொன்னது செபமாலையை அல்ல, தான் எழுதிய கட்டளையை. அந்த ஒரு பக்கத்தைப் புரட்டும் பொறுமை ஐம்பது வயதைக் கடந்த நமக்கு இல்லாமற் போயிற்று!

அன்பார்ந்தவர்களே, பிள்ளைகள் 'கோடிங்' என்று சொல்வது இதைத்தான். கம்ப்யூட்டர் தானாக எதையும் அறியாது. செய்ய வேண்டியதை வரிசை பிசகாமல் எழுதிக் கொடுத்தால் எழுதியபடியே செய்யும். மூன்றை விட்டுவிட்டால் அதுவும் விட்டுவிடும். ஒரே செயலைப் பலமுறை செய்வதற்கு, "இத்தனை முறை திரும்பச் செய்" என்ற ஒரே கட்டளை போதும். பிழை நேர்ந்தால் இயந்திரத்தின் மேல் பழிபோட முடியாது. எழுதியவரே வரி வரியாகத் திரும்பப் படித்துத் திருத்த வேண்டும். ஒழுங்கு, பொறுமை, தன் தவறைத் தானே தேடும் நேர்மை ஆகிய இம்மூன்றையும் பழக்கும் கலையை வீண்வேலை என்று தள்ளிவிட முடியுமா?

இது நமது திருச்சபைக்கு அந்நியமான கலையும் அன்று. இத்தாலி நாட்டு இயேசு சபைக் குரு ரொபெர்த்தோ பூசா, புனித தோமா அக்குவினாஸின் நூல்களிலுள்ள சொற்களையெல்லாம் வகைப்படுத்த விரும்பி, 1949-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத் தலைவர் தாமஸ் வாட்சனை நேரில் கண்டு உதவி கேட்டார். துளையிட்ட அட்டைகளில் தொடங்கிய அப்பணி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து 56 பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. மேரி கென்னத் கெல்லர் என்ற அருட்சகோதரி 1965-இல் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் அத்துறையில் அப்பட்டம் பெற்ற முதல் பெண்மணி ஒரு கன்னியர்! பின்பு டுபியூக் நகரின் கிளார்க் கல்லூரியில் கணினித் துறையை நிறுவி இருபது ஆண்டுகள் நடத்தினார். புனித கார்லோ அக்குத்திஸை நீங்கள் அறிவீர்கள். சிறுவயதிலேயே நிரல் எழுதத் தானே கற்று, நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து இணையத்தில் வெளியிட்டார். 2006-இல் தம் பதினைந்தாம் வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்த அவருக்கு 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதர் பட்டம் அளித்தார்.

பெற்றோர் செய்ய வேண்டியது என்ன? அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய கணினி மேதை கிரேஸ் ஹாப்பர், ஏழு வயதில், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வீட்டிலிருந்த ஏழு அலாரக் கடிகாரங்களையும் கழற்றிப் போட்டாராம். தாய் அவரது ஆர்வத்தை அடித்து அணைக்கவில்லை. இனி ஒரே ஒரு கடிகாரத்தை மட்டும் கழற்றலாம் என்று வரம்பு கட்டினார். தடையும் அல்ல, தாராளமும் அல்ல, வரம்புள்ள அனுமதி. அந்தத் தாயின் விவேகம் நமக்கும் வேண்டும்.

முதலாவது, பிள்ளை எழுதியதை உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரியவேண்டும் என்பதில்லை. பிறருக்குச் சொல்லும்போதே பிள்ளைக்குத் தன் பிழை தெரிந்துவிடும்.

இரண்டாவது, பணத்தைக் கொட்டாதீர்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தார் 2007-இல் வெளியிட்ட 'ஸ்க்ராட்ச்' இலவசமாகக் கிடைக்கிறது. எட்டு வயதுப் பிள்ளையும் வண்ணக் கட்டைகளை அடுக்குவதுபோல் கட்டளைகளை அடுக்கிக் கற்கலாம். கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். வளர்ந்த பிள்ளைகளுக்கு 'பைத்தான்' மொழி உண்டு. அதற்கும் கட்டணம் இல்லை. சில மாதங்களில் மேதையாக்குவோம் என்ற விளம்பரத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

மூன்றாவது, கூடத்தில், நாலு பேர் நடமாடும் இடத்தில் பிள்ளை உட்காரட்டும். உறக்கம், விளையாட்டு, குடும்ப செபம் ஆகியவற்றின் நேரத்தைத் திரை தின்னக் கூடாது. புனித கார்லோவும் வீடியோ விளையாட்டுக்கு வாரம் ஒரு மணி நேரமே என்று தமக்குத் தாமே வரம்பு வைத்திருந்தார். விளையாட்டைப் பார்ப்பது வேறு, விளையாட்டை உருவாக்குவது வேறு என்பதையும் பகுத்தறியுங்கள்.

நான்காவது, பெண் பிள்ளைக்கு இது எதற்கு என்று கேளாதீர்கள். நாம் கூறிய மூத்தோரில் இருவர் பெண்கள் அல்லவா?

ஐந்தாவது, ஆர்வம் அரும்பிய மறுநாளே சம்பளக் கணக்குப் போடாதீர்கள். முளையைத் தினமும் பிடுங்கி வேர் விட்டதா என்று பார்த்தால் பயிர் வளருமா?

இப்போது செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதிவிடுகிறதே, பிள்ளை ஏன் மெனக்கெட வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். கணக்குப் போடும் கருவி வந்தபின்னும் வாய்ப்பாட்டை நாம் கைவிடவில்லை. இயந்திரம் 50 என்று சொன்னால், "இல்லை, 53" என்று சொல்ல விஷயம் தெரிந்த ஒருவர் வேண்டும். நமது திருத்தந்தை லியோ என்ற பெயரைத் தேர்ந்ததற்கு அவரே காரணம் சொன்னார். 1891-இல் தொழிலாளர் உரிமைக்காகச் சுற்றுமடல் எழுதினார் பதின்மூன்றாம் லியோ. இன்று செயற்கை நுண்ணறிவு மனித மாண்புக்கும் உழைப்புக்கும் புதிய சவால்களை எழுப்புகிறது என்று 2025 மே மாதம் கர்தினால்மார்களிடம் எடுத்துரைத்தார். அச்சவாலைச் சந்திக்க வேண்டியவர்கள் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இந்தப் பிள்ளைகளே.

பன்னிரண்டு வயதில் இயேசு கோயிலில் தங்கிவிட்டபோது, மரியாவும் சூசையப்பரும் மூன்று நாள் தேடி அலைந்தார்கள். கண்டபோதும் மகன் சொன்னது அவர்களுக்கு விளங்கவில்லை. ஆயினும் தாய் அதைப் பழிக்கவில்லை. மனத்தில் வைத்துச் சிந்தித்தார். பிள்ளையின் உலகம் புரியவில்லை என்று பயப்படும் ஒவ்வொரு தாய்க்கும் அவரே முன்மாதிரி.

அந்த நோட்டை மறு ஞாயிறே எல்லார் முன்னிலையிலும் திருப்பிக் கொடுத்தோம். கடிந்தது எல்லார் முன்பாக என்றால் மன்னிப்புக் கேட்பதும் அப்படித்தானே இருக்க வேண்டும்! பங்கு அலுவலகக் கம்ப்யூட்டரைச் சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம், கதவைத் திறந்துவைத்து, ஓர் ஆசிரியையின் மேற்பார்வையில் பிள்ளைகளுக்கு விட்டிருக்கிறோம். முதல் சனிக்கிழமை அந்தச் சிறுமி தன் நோட்டைப் பார்த்து எழுதிய நிரலை ஓடவிட்டாள். திரையில் ஒவ்வொரு மணியாக வந்தது. அருகில் நின்ற தாய் தம் செபமாலையை எடுத்து, திரையோடு சேர்ந்து ஒவ்வொரு மணியாக உருட்டினார். கடைசி மணியில் நிமிர்ந்து, "சரியா இருக்கு சாமி" என்றார். மகளின் முகத்தில் அன்று கண்ட மகிழ்ச்சியை நாம் மறக்கமாட்டோம்.

உங்கள் வீட்டிலும் பூட்டிய அலமாரி ஏதேனும் இருக்கலாம். இன்று வீட்டுக்குப் போனதும் திறந்து, அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். இந்தப் பொன்விழாவில் நாம் உங்களிடம் கேட்கும் காணிக்கை இதுவே.

எல்லாம் வல்ல இறைவன், தேவதாயின் பரிந்துரையால், உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக! ஆமென்.