நீரில் காக்கும் அறம்

(மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

விழா மேடையில் நீச்சலைப் பற்றிப் பேசுவது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். இத்திருநாளை அடுத்துக் கோடை விடுமுறை வருகிறது. நம்மில் பலர் வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் பக்கத்துச் சொந்த ஊர்களுக்குச் செல்வோம். அங்கே ஏரியும் பாசனக் கிணறும் உண்டு. மதுரையில் தங்குவோர் சமணர் மலைக்கும் அரிட்டாபட்டிக்கும் கீழவளவுக்கும் தரிசனத்திற்குப் போவோம். இங்கே கண்மாயும் ஊரணியும் உண்டு. மேலூர்ப் பக்கத்தில் நீர் நிரம்பிய பழைய கல்குவாரிப் பள்ளங்களும் உண்டு. நீரைக் குழாயில் மட்டுமே கண்டு வளர்ந்த நம் பிள்ளைகள், அதன் ஆழத்தை அறியாமலே அதன் கரையில் நிற்கப் போகிறார்கள்.

2022ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பம் அருகே கெடிலம் ஆற்றில் குளிக்கச் சென்ற ஏழு பேர் உயிரிழந்தனர். எழுவரும் சிறுமியரும் இளம்பெண்களுமே. தடுப்பணை அருகே ஆழத்தில் சிக்கியவரைக் காப்பாற்றப் போனவர்களும் அவர்களோடு மூழ்கிப் போயினர். நம் முன்னோர் பாடலிபுத்திரம் என்று போற்றிய திருப்பாதிரிப்புலியூரை ஒட்டி ஓடும் ஆறு அது. அப்பிள்ளைகளிடம் அன்பு இருந்தது, துணிவு இருந்தது. கரையில் நின்றபடியே காப்பாற்றும் வழியை மட்டும் அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாடு முழுவதும் அவ்வாண்டில் நீரில் மூழ்கி இறந்தோர் 38,000 பேருக்கு மேல் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம்.

இங்கே நம் இல்லங்களில் எழும் ஒரு தடையைப் பேசியாக வேண்டும். நீரே உயிருடையது, அதைக் கலக்கி விளையாடுவது இம்சையன்றோ என்று நம் பாட்டிமார் கேட்பர். அக்கேள்வியை நான் மதிக்கிறேன். பயனின்றி நீரை இறைப்பதும் கலக்குவதும் அனர்த்த தண்டம் என்று நம் ஆகமங்கள் விலக்குகின்றன. ஆனால் பயனுள்ள செயல் அனர்த்த தண்டம் ஆகாது. இல்லறத்தான் முற்றாக விட வேண்டியது சங்கல்ப இம்சை. வாழ்வு நடத்துவதில் நேரும் ஆரம்ப இம்சையை அவன் இயன்றவரை குறைக்க வேண்டும். உயிர் காக்கும் பயிற்சி இந்த இரண்டாம் வகையில் அடங்கும். வரம்போடு கற்போம், கற்றபின் வீண் ஆட்டத்தை விடுவோம்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ‘பிரமாதம்’ என்னும் சொல்லை இன்று பாராட்டாக வழங்குகிறோம். ஆகமத்தில் அதன் பொருள் சோர்வு, கவனமின்மை. அந்தப் பிரமாதமே இம்சைக்கு வேர் என்கிறது தத்துவார்த்த சூத்திரம். திருக்குறளும் பொச்சாவாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளது. பிள்ளையைக் கரையில் விட்டுவிட்டுக் கைப்பேசியில் மூழ்கும் பெற்றோரின் சோர்வை வேறு எப்பெயரால் அழைப்பது?

நீச்சல் வகுப்பில் சேர்த்தால் போதுமா? மதுரையில் ரேஸ்கோர்ஸ் விளையாட்டரங்கில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் நீச்சல்குளம் இருக்கிறது. தனியார் குளங்களும் உள்ளன. சேருங்கள். ஆனால் குளத்தில் நீர் தெளிவு, தரை சமம், ஆழம் எழுதப்பட்டிருக்கும், பயிற்சியாளர் அருகிலிருப்பார். கண்மாயில் இவற்றில் ஒன்றும் இல்லை. மண் எடுத்த குழி நீருக்குள் மறைந்திருக்கும். முழங்காலளவில் நடப்பவர் அடுத்த அடியில் தலைக்கு மேல் ஆழத்தில் விழுவார். வறண்டு கிடக்கும் வைகையில் அணை திறந்ததும் நீர்மட்டம் உயரும். ஆதலால் விரைந்து நீந்துவதற்கு முன் பிழைத்திருக்கக் கற்பிக்குமாறு பயிற்சியாளரிடம் கேளுங்கள்.

முதலாவது, மல்லாந்து மிதத்தல். காது நீருக்குள் இருக்கட்டும், முகவாய் மேல்நோக்கட்டும், கைகள் விரியட்டும், மூச்சு சீராகட்டும். இரண்டாவது, எதிர்பாராமல் விழுந்தால் திரும்பி விளிம்பைப் பற்றுதல். மூன்றாவது, நீரோட்டத்தை எதிர்த்துப் போராடாமல், அதன் போக்கிலேயே சாய்வாகக் கரையை நோக்கி ஒதுங்குதல். பயிற்சியாளர் முன்னிலையில் ஒருமுறையேனும் அன்றாட உடையோடு மிதந்து பார்த்தல் நன்று. நனைந்த பாவாடையும் சுடிதாரும் எவ்வளவு கனக்கும் என்பதைப் பெண் குழந்தைகள் அங்கேயே அறியட்டும். பெண்ணுக்கு நீச்சல் எதற்கு என்று இனி எவரும் கேட்க வேண்டா.

நான்காவதே தலையாயது. மூழ்குபவரைக் காப்பாற்றப் பிள்ளைகள் நீரில் குதிக்கலாகாது. உதவிக்குக் குரல் கொடுத்து, தரையில் படுத்துக் கம்பை நீட்ட வேண்டும். துப்பட்டாவையோ வேட்டியையோ கயிற்றையோ வீச வேண்டும். மூடியிட்ட காலிக் கேனை எறிய வேண்டும். மூழ்குபவர் பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை. அமைதியாகவே அடங்கிப் போவார். கரையேற்றியவரைத் தலைகீழாகச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் தவறு. மூச்சில்லையெனில் வாயோடு வாய் வைத்து மூச்சளித்து, மார்பை அழுத்தியவாறே 108ஐ அழைக்கச் செய்ய வேண்டும். பெரியவர்கள் இம்முதலுதவியை முறையாகப் பயில வேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. வங்கதேசத்தில் ஊர்க் குளத்திலேயே மூங்கில் மேடை கட்டிச் சிறுவர்க்குக் கற்பிக்கிறார்கள். 25 மீட்டர் நீந்துவது, 30 நொடி மிதப்பது, கரையிலிருந்து உதவுவது ஆகியவையே அவர்கள் வைக்கும் தேர்வு. ஐ.நா. பொதுச்சபை 2021இல் ஜூலை 25ஆம் நாளை மூழ்குதல் தடுப்பு நாளாக அறிவித்ததற்கும் வங்கதேசம் முன்னின்றது.

நம் ஊர்களில் பாட்டனார் பேரனின் இடுப்பில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறக்குவார். வினை நீங்கிய உயிர் மேலெழுவதற்கு நம் சூத்திரம் சொல்லும் உவமையும் அதே சுரைதான். மண் பூசிய சுரை மூழ்கும். மண் கரைந்தால் தானே மேலே வரும். நம் உடலும் நுரையீரலில் காற்று நிறைந்திருந்தால் மிதக்கும் இயல்பினதே. அச்சம் என்னும் மண் அதைக் கீழே இழுக்கிறது. அந்த மண்ணைக் கரைப்பதே பயிற்சி.

இவ்விடுமுறையில் ஒவ்வோர் இல்லமும் மூன்று உறுதிகள் ஏற்க வேண்டுகிறேன். நீரருகில் பிள்ளைகள் இருக்கும்போது பெரியவர் ஒருவர் வேறு வேலையின்றிக் கண்காணிப்பார். ஆண், பெண் என்னும் வேறுபாடின்றி ஒவ்வொரு பிள்ளையும் மிதக்கக் கற்கும். தரிசனப் பயண வண்டியில் ஒரு நீண்ட கயிறு எப்போதும் இருக்கும்.

தானங்களுள் அபயதானம் உயர்ந்தது என்று நம் பெரியோர் கற்பித்தனர். அதை முதலில் நம் வீட்டுக் குழந்தைகளுக்கு வழங்குவோம். அறம் வாழ்க! அனைத்துயிரும் இன்புறுக!