வாலிபர் கால்பந்தாட்டமும் நடுவரும்

(குத்தாலத்தில் ஐக்கிய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



விதை, உரம், கடன் தவணை ஆகியவற்றைப் பற்றி ஆலோசிக்கும் இச்சபையில் பந்தாட்டத்தைப் பற்றி ஒருவன் பேச வந்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். சனி, ஞாயிறு மாலைகளில் நம் பிள்ளைகள் பள்ளிக்கூட மைதானத்திலும், சம்பா அறுத்தபின் உளுந்து தெளிக்காது விட்ட தரிசிலும் பந்தாடுகின்றனர். அங்கே விளையும் சச்சரவு தெருவுக்கு வருகிறது, தெருவிலிருந்து ஊர்ப்பகையாகிறது, பின்பு சங்கத் தேர்தலிலும் தலைகாட்டுகிறது. ஆதலின் இது நம் காரியமே.

இருபது ஆண்டுகளாக வாலிபர் ஆட்டங்களுக்கு நடுவராக இருந்து வருகிறேன். என் பிழையொன்றை முதலில் ஒப்புக்கொள்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஊர்ப் பிள்ளைகள் ஆடினர். ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருக்கையில், கோலுக்கு அருகில் பந்து ஒரு சிறுவனின் கையில் பட்டதென்று ஊதி, பெனால்டி கொடுத்துவிட்டேன். நானோ வெகுதூரத்தில் இருந்தேன். “தொடையிலேதான் பட்டது, ஐயா” என்று அச்சிறுவன் அழுதான். எல்லைக் கோட்டில் கொடி பிடித்து நின்ற பத்தொன்பது வயது வாலிபன் அதை நேரே கண்டிருந்தான். ஆட்டம் மறுபடி தொடங்குவதற்குள் நடுவர் தம் தீர்ப்பை மாற்றிக்கொள்ளலாம். தொடங்கியபின் மாற்ற இயலாது என்பது சட்டம். ஆயினும் அவனைக் கேட்பது என் கௌரவத்துக்குக் குறைவென்று எண்ணினேன். பந்து கோலுக்குள் சென்றது. பெரியவர்கள் மைதானத்துக்குள் பாய்ந்தனர். எனக்கு உரிய வசவு முழுவதும் கொடி பிடித்தவன்மேல் விழுந்தது. அவன் கொடியைத் தரையில் வைத்துவிட்டுச் சென்றான். அதற்குப்பின் எந்த ஆட்டத்துக்கும் வரவில்லை. அவ்விரண்டு ஊர்ப் பிள்ளைகளும் இரண்டு வருஷ காலம் சேர்ந்து ஆடவில்லை. இவ்விரு நஷ்டங்களுள் முன்னதே பெரிதென்று இன்று கருதுகிறேன். நல்ல நடுவன் ஒருவனை இழந்த ஊருக்கு அடுத்தவன் எளிதில் அகப்படான்.

நடுவர் எதற்கு என்ற கேள்விக்கு ஆட்டத்தின் சரித்திரமே விடை கூறும். 1863ஆம் ஆண்டில் லண்டனில் கால்பந்தாட்ட விதிகள் எழுதப்பட்டபோது அவற்றில் நடுவரைப் பற்றிய பேச்சே இல்லை. பின்னர்க் கட்சிக்கு ஒருவராக இரண்டு மத்தியஸ்தர் ஏற்பட்டனர். தத்தம் கட்சியார் கொணர்ந்த மனிதர் ஆதலின் பிணக்குகள் ஓயவில்லை. அவ்விருவரும் ஒவ்வாதபோது கேட்பதற்கென மூன்றாமவர் ஒருவரை மைதானத்துக்கு வெளியே நிறுத்தினர். இறுதியில் 1891ஆம் ஆண்டில் அம்மூன்றாமவரே முழு அதிகாரத்துடன் மைதானத்துக்குள் வந்தார். மற்ற இருவரும் கொடி பிடிப்போராயினர். நம் சங்கக் கணக்கை நம்முள் ஒருவர் தணிக்கை செய்வதில்லை. வெளியிலிருந்தே ஒருவர் வருகிறார். அதில் எவருக்கும் மனத்தாங்கல் இல்லை. அந்த நியாயம் மைதானத்துக்கும் பொருந்தும்.

இத்தொழில் சிறிதென்று எண்ணவேண்டாம். உலகக் கோப்பைப் போட்டியில் இந்திய அணி இதுவரை ஆடியதில்லை. எனினும் 2002ஆம் ஆண்டில் கொரியாவிலும் ஜப்பானிலும் நடந்த அப்போட்டியில் தமிழ்நாட்டைச் சேர்ந்த கோமளீஸ்வரன் சங்கர் துணை நடுவராகப் பணியாற்றினார். திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி 2016ஆம் ஆண்டில் சர்வதேச நடுவர் பட்டியலில் இடம் பெற்றார். நம் ஊர்ப் பெண்பிள்ளைகளும் ஊதலைக் கையிலெடுக்கலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இனி, சங்கத்தார் செய்யத்தக்கவை நான்கு.

முதலாவது, இரண்டு ஊர்கள் ஆடினால் நடுவர் மூன்றாவது ஊரினராக இருத்தல் வேண்டும். அவருக்குரிய வழிச்செலவையும் சன்மானத்தையும் ஆட்டம் தொடங்கும் முன்பே இரு ஊராரும் சமமாகக் கொடுத்துவிட வேண்டும். ஆட்டம் முடிந்தபின் கொடுக்கும் பணம் வென்றவன் பணமென்றே தோன்றும்.

இரண்டாவது, எல்லைக் கோட்டுக்கு அப்பால் கயிறு கட்டி, பார்ப்போரை அதற்கு வெளியே நிறுத்துக. அணித் தலைவன் ஒருவனே நடுவரிடம் விளக்கம் கேட்கலாம். 2024ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பையிலும் இம்முறையே கைக்கொள்ளப்பட்டது.

மூன்றாவது, பிள்ளைகளின் உடம்பே நடுவரின் முதற்கவலை. கோல் கம்பங்கள் தரையில் உறுதியாகப் பிணைக்கப்பட்டுள்ளனவா என்று முன்பே அசைத்துப் பார்க்கவேண்டும். ஒருவனுக்குத் தலையில் அடிபட்டால் அக்கணமே ஆட்டத்தை நிறுத்தவேண்டும். வெயிற்காலத்தில் இடையிடையே தண்ணீர் குடிக்க விடவேண்டும்.

நான்காவது, ஊருக்கு இருவராக வாலிபரைத் தேர்ந்தெடுத்து, மாவட்டக் கால்பந்தாட்டச் சங்கத்தாரை விசாரித்து, நடுவர் பயிற்சிக்கு அனுப்புக. ஓர் ஊதல், இரண்டு கொடி, ஒரு கைக்கடிகாரம் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு அற்பமே.

நடுவர் தவறுவார். நானும் தவறினேன், இனியும் தவறக்கூடும். அன்று எனக்குத் துணை நின்றிருக்க வேண்டியது சிறிது அமைதியே. கூச்சலில்லாதிருந்தால் அவ்வாலிபனைக் கேட்கும் துணிவு எனக்கு வந்திருக்கலாம். அடுத்த ஞாயிறு உங்கள் பிள்ளைக்கு விரோதமாக ஊதல் ஒலித்தால், தயவுசெய்து இருந்த இடத்திலேயே இருங்கள். உங்கள் பிள்ளை உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். தோல்வியைத் தாங்கும் விதத்தை அவன் நடுவரிடம் கற்கமாட்டான், உங்களிடமே கற்பான்.