துணிவும் துணையும்

(சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"மனித ஆற்றலின் எல்லையும் அதனைத் தாண்டத் துணிந்தோரும்" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்துள்ளார்கள். செயலாளரின் கடிதம் கிடைத்தபொழுது, றப்பர் மரங்களுக்கும் கரும்புக் காணிகளுக்கும் நடுவே நாட்கூலிக்கு உழைத்து வாழும் மொனராகலை மக்களுக்கு இப்பொருள் எதற்கு என்றே முதலில் எண்ணினோம். பின்னர், சென்ற ஆண்டு நம்மூரில் நிகழ்ந்த ஒன்று நினைவுக்கு வந்தது. வந்ததும், இன்று பேசவேண்டிய பொருள் இதுவே என்று தெளிந்தோம். அந்நிகழ்ச்சி யாது என்பதைச் சற்றுப் பொறுத்துக் கூறுவோம். முதலில் கடற்கரைக்குப் போய் வருவோம்.

இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே கிடப்பது பாக்கு நீரிணை. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் அதன் அகலம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். வடக்கே வல்வெட்டித்துறைக்கும் கோடிக்கரைக்கும் இடையில் இன்னும் மிகுதி. கப்பலில் இருந்து பார்ப்பவருக்கு அது ஒரு சிறு கடல். கையையும் காலையும் மட்டுமே நம்பி இறங்குபவனுக்கோ அது வேறொன்று. நீரோட்டம் பக்கவாட்டில் இழுக்கும், சொறி மீன் பட்ட இடமெல்லாம் எரியும், கடற்பாம்பு உண்டு, உப்பு நீரில் நாக்குத் தடிக்கும், இரவில் திசை தெரியாது. இக்கடலை 1954ஆம் ஆண்டில் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி என்னும் தமிழர் நீந்திக் கடந்தார். 1966ஆம் ஆண்டில் வங்காளத்து வழக்கறிஞரான மிகிர் சென், தலைமன்னாரில் இறங்கி இருபத்தைந்து மணி நேரத்துக்கு மேல் நீந்தித் தனுஷ்கோடியில் கரையேறினார்.

ஆயினும் நம் நாட்டில் இதனைப் பேசும்போது எல்லார் நாவிலும் முதலில் வரும் பெயர் ஆழிக்குமரன் ஆனந்தன் என்பதே. வல்வெட்டித்துறையிற் பிறந்த குமார் ஆனந்தன் சட்டம் பயின்றவர். 1971ஆம் ஆண்டில் இலங்கைக் கரையிலிருந்து இந்தியக் கரைக்கு நீந்திப் போய், மீண்டும் நீந்தியே திரும்பி வந்தார். எடுத்த நேரம் 51 மணி. அன்பர்களே, 51 மணி என்றால் என்ன? இன்று காலை பெரட்டுக்குப் போகும் நேரத்தில் ஒருவன் நீரில் இறங்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மலைக்குப் போய் வந்து, உண்டு, உறங்கி, மறுநாளும் போய் வந்து, உண்டு, உறங்கி, மூன்றாம் நாளும் பெரட்டு முடிந்து மலையேறும்போது அவன் இன்னும் கை வீசிக்கொண்டிருக்கிறான். 1979ஆம் ஆண்டில் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி 187 மணி நேரத்துக்கு மேல் அவர் இடைவிடாது சைக்கிள் ஓட்டினார். பிறிதொரு வேளையில் ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றார். கின்னஸ் சாதனைப் புத்தகம் அவர் பெயரைப் பலமுறை ஏற்றது.

1984ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 6ஆம் நாள், இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றபோது ஆனந்தன் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 41.

இம்முடிவைச் சொல்லாது வெற்றிகளை மட்டும் சொல்லிப் போவது சொற்பொழிவாளர்க்கு எளிது. இளைஞர்க்கு அது தீங்கு. ஆகவேதான் மறைக்காமற் கூறினோம். ஆயத்தம் செய்தவனையும் கடல் கொள்ளும். அப்படியானால் ஆயத்தத்தால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடையாக, அதே ஆங்கிலக் கால்வாயை முதன்முதலில் நீந்திக் கடந்தவரின் கதையைக் கேளுங்கள்.

அவர் பெயர் மத்தேயு வெப், ஆங்கிலேய மாலுமி. 1875ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் அவர் முதன்முறை முயன்றார். காற்றும் கடலும் சீறின. வெப் நீரைவிட்டு ஏறிவிட்டார். தோற்றுத் திரும்பிய அவர் பன்னிரண்டு நாள் பொறுத்து, காலநிலை பார்த்து, மறுபடி இறங்கினார். துணைக்குப் படகுகள் கூடவே வந்தன. நீரில் இருந்தபடியே அவருக்கு உணவும் பானமும் கொடுத்தார்கள். பிரான்சுக் கரை கண்ணுக்கெட்டிய பின்னரும் எதிர்நீரோட்டம் மணிக்கணக்காகத் தடுத்தது. 21 மணி 45 நிமிடத்தில் கலே நகரிற் கரை சேர்ந்தார். உலகம் அவரைத் தலைமேற் கொண்டாடியது.

எட்டு ஆண்டுகள் சென்றன. புகழ் மங்கியது, கையிற் பணமும் குறைந்தது. மீண்டும் உலகைத் தன்பக்கம் திருப்ப எண்ணி, 1883ஆம் ஆண்டு ஜூலை மாதம் 24ஆம் நாள், நயாகரா நீர்வீழ்ச்சியின் கீழே பாறைகளிடையே கொதித்தோடும் நீரிலும் சுழியிலும் நீந்திக் காட்டுவதாக வெப் இறங்கினார். வேண்டாம் என்றவர்கள் பலர், கேட்கவில்லை. சுழிக்குள்ளே துணைப்படகு எப்படி வரும்? சில நிமிடங்களில் அவர் மறைந்தார். நான்கு நாட் கழித்து உடல்தான் கிடைத்தது. வயது 35.

மனிதர் ஒருவரே, துணிவும் ஒன்றே. கால்வாயில் அத்துணிவுக்குக் காலம் பார்க்கும் பொறுமை இருந்தது. பக்கத்திற் படகு இருந்தது. முடியாதபோது திரும்பும் மனம் இருந்தது. நயாகராவில் பார்ப்பவர் கூட்டம் இருந்தது, மற்றொன்றும் இல்லை. குமார் ஆனந்தனின் சாவும் நயாகராவில் வெப்பின் சாவும் ஒன்றென யாரும் எண்ணற்க. முன்னவர் ஆண்டுக்கணக்காக உடலைப் பழக்கி, இன்னது பணயம் என்று அறிந்தே இறங்கியவர். பின்னவர் தாம் பழகிய கலையையே மறந்து இறங்கியவர். ஆயத்தம் உயிருக்கு முழுப் பிணையாகாது. ஆயின், பிணையே இல்லாமற் கடன் கேட்பவனுக்கும் கொஞ்சமேனும் பிணை வைப்பவனுக்கும் வேறுபாடு உண்டல்லவா?

இன்றும் ஆங்கிலக் கால்வாயில் நீந்துவோர் தனியே செல்வதில்லை. துணைப்படகும் பார்வையாளரும் உடன் செல்வர். உணவைக் கோலிலோ கயிற்றிலோ நீட்டுவர். போதும் என்று படகோட்டி முடிவு செய்தால் நீந்துபவர் ஏறவே வேண்டும். 2021ஆம் ஆண்டில் நம் நாட்டு விமானப்படை வீரரான ரொஷான் அபேசுந்தர, தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்த் திரும்பி 28 மணி 19 நிமிடத்தில் முடித்து, ஆனந்தனின் ஐம்பதாண்டுச் சாதனையை முறியடித்தார். 2022ஆம் ஆண்டில் ஜியா ராய் என்னும் பதின்மூன்று வயது இந்தியச் சிறுமி, ஓட்டிசம் உடையவள், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 13 மணி 10 நிமிடத்தில் நீந்தினாள். சாதனைகள் இவ்வாறு முறியும். துணைப்படகு இன்றி இறங்கலாகாது என்னும் முறை மட்டும் முறியவில்லை.

இந்த முறை வெளிநாட்டார் நமக்குக் கற்றுத்தந்ததா? அன்று, நம் காலடியிலேயே இருப்பது. நவரத்தினசாமியின் ஊராகிய தொண்டைமானாற்றிலேதான் செல்வச்சந்நிதி இருக்கிறது. அவ்வூரவராகிய அவர் வடக்கே கடலைக் கடந்தார். அவ்வூரிலிருந்தே ஆண்டுதோறும் அடியார்கள் தெற்கே கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை தொடங்குகிறார்கள். ஒன்றரை மாதத்துக்கு மேற்பட்ட நடை. அதன் கடைப்பகுதி நம் மாவட்டத்தில் முடிகிறது. உகந்தையிலிருந்து காட்டுக்குள் புகுந்து, குமணையைத் தாண்டி, நம்மூர்ப் பக்கமாக ஓடிவரும் அதே கும்புக்கன் ஓயாவைக் கடந்து, யால வனத்தின் வழியே நாவலடி, வியாளை என்று நடந்து கதிர்காமம் சேர்வார்கள். யானையும் கரடியும் சிறுத்தையும் திரியும் காடு. அவற்றினும் கொடியது தாகம்.

இவ்வழி சென்ற முதியோரைக் கேட்டுப் பாருங்கள். தனியே காட்டுக்குள் நுழைந்தேன் என்று ஒருவரும் பெருமை பேசமாட்டார். குழுவாகவே செல்வர். முன்னே செல்பவர் சொற்படி நடப்பர். இருட்டுமுன் தங்குவர். அடுத்த நீர் எங்கே என்று அறிந்த பின்னரே அடியெடுப்பர். நடக்கமுடியாத கிழவியின் மூட்டையை இளைஞன் சுமப்பான். எழுபது வயதுத் தாய் அக்காட்டைக் கடக்கிறாளே, அவள் கால் வலிமையாலா கடந்தாள்? கூட்டத்தின் வலிமையாற் கடந்தாள்.

இனி, முன்னே சொல்வதாகக் கூறிய நிகழ்ச்சிக்கு வருவோம். சென்ற ஆண்டு விடுமுறை நாளொன்றில் நம் தோட்டத்து இளைஞர் பதினைந்து பேர் குளிக்கப் போனார்கள். பாறைமேலிருந்து மடுவிற் குதிக்க முடியுமா என்று பேச்சு எழுந்தது, பேச்சு பந்தயமானது. ஒருவன் குதித்தான். மேலே பெய்த மழையால் நீர் கலங்கியிருந்தது. அடியில் இருந்த கல் தெரியவில்லை. கால் முறிந்து நீரிலே தத்தளித்தான். அவ்வழியே வந்த விறகு வெட்டி ஒருவர், தம் விறகுக் கட்டை அவிழ்த்து, அக்கயிற்றை எறிந்திராவிட்டால் இன்று நாம் வேறு கூட்டம் கூடியிருப்போம். அவ்விளைஞன் இப்போது இம்மண்டபத்து வாயிலில் உங்களுக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டிருக்கிறான். அவன் இசைவு பெற்றே இதைச் சொல்கிறோம். அவன் நம்மிடம் கூறியது இதுதான்: "ஐயா, நான் குதிக்கிறதைப் படம் பிடிக்கப் பதினாலு பேர் கையிலயும் போன் இருந்துச்சு. ஒருத்தர் கையிலயாவது கயிறு இல்ல."

இளைஞர்களே, இச்சொல்லுக்கு மேல் நாம் என்ன சொல்லப் போகிறோம்? தியலும நீர்வீழ்ச்சி 220 மீற்றர் உயரம். அதன் மேலே உள்ள குளங்கள் பார்க்க அழகு. பாசி படிந்த பாறையில் ஒரு கால் வழுக்கினால் பிடிக்க ஒன்றுமில்லை. இராவணா எல்லையில் நீராடப் போய்த் திரும்பாதவர் உண்டு. தெமோதரைப் பக்கம் ஓடும் ரயிலின் மிதிபலகையிலிருந்து சாய்ந்து படமெடுப்பது பெருவழக்காயிற்று. இங்கெல்லாம் இறங்குபவனிடம் துணிவு இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். துணிவு இருக்கிறது. வெப்பிடமும் நயாகராவில் இருந்தது.

உங்கள் துணிவை அடக்கி வைக்கச் சொல்ல நாம் வரவில்லை. கடலேறி வந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே நடந்து, வழியிற் பலரை இழந்து, இம்மலைகளிலே தோட்டங்களை ஆக்கியவர்களின் பேரர் நீங்கள். அவர்கள் அபாயத்தை விரும்பித் தேடவில்லை. வயிறு தள்ளியது, வந்தார்கள். அவ்வளவு விலை கொடுத்து வந்த உயிரை ஒரு பந்தயத்துக்கு எறிவது அவர்களுக்கு நாம் செய்யும் கைம்மாறாகுமா? துணிவைச் செலவிட நல்ல வழி ஒன்று காட்டுகிறோம்.

தோட்டப்புறத்தில் நம் பிள்ளைகள் பலர் ஆற்றருகே வளர்ந்தும் நீந்த அறியார். முதலில் அறிந்தவரிடம் முறையாக நீச்சல் பழகுங்கள். ஆழம் தெரியாத நீரில் தலைகீழாகக் குதியாதீர்கள். இங்கே வெயில் அடித்தாலும் மேலே மலையில் மழை பெய்தால் ஆறு திடீரெனப் பெருகும். நீர் கலங்கக் கண்டதும் கரையேறுங்கள். குடித்தவனை நீரில் இறங்க விடாதீர்கள். ஒருவன் மூழ்குவதைக் கண்டால் உடனே பாயாதீர்கள். தத்தளிப்பவன் கைக்கெட்டியதை இறுகப் பிடிப்பான். அது அவன் குற்றமன்று, உயிரின் இயல்பு. ஒருவனைக் காக்கப் போய் இருவர் மாண்ட வீடுகள் உண்டு. கரையிற் படுத்துக்கொண்டு கம்பை நீட்டுங்கள். கம்பு இல்லையேல் சாரத்தையோ சேலையையோ முறுக்கி எறியுங்கள். மூடியிட்ட வெறும் பிளாஸ்டிக் கலன் ஒன்று ஆளைத் தாங்கும். அதைக் கயிற்றிற் கட்டி எறியுங்கள்.

இச்சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். வருகிற தீர்த்தத் திருவிழாவுக்குள் நீண்ட கயிறு இரண்டும் மிதவை நான்கும் வாங்குங்கள். நீந்தவல்ல இளைஞர் பத்துப் பேரைத் தொண்டர் படையாக்கி ஆற்றங்கரையில் நிறுத்துங்கள். செலவு ஒரு நாள் மாலை அலங்காரச் செலவைத் தாண்டாது. அப்படையின் தலைவனாக யாரை நிறுத்தலாம் என்பதையும் சொல்லிவிடுகிறோம்: வாயிலில் தேநீர் கொடுக்கும் அந்தத் தம்பியையே நிறுத்துங்கள். கயிற்றின் அருமை அவனைவிட அறிந்தவர் இங்கு யாருமில்லை.

ஆழிக்குமரனைப்போல் நம்மிலும் ஒருவர் ஒருநாள் கடலை அளக்கப் புறப்படட்டும். அன்று அவர் பக்கத்தில் படகோடு நாம் அனைவரும் நிற்போமாக.