பெட்ரோலில் கலந்த சாராயமும் நம் வண்டியும்
(ஆலைத் தொழிலாளர் கூட்டமொன்றில் வண்டிப் பட்டறைத் தோழர் ஒருவர் பேசியது)



மேடையில் பேசிப் பழக்கமில்லாதவன் நான். கையில் ஸ்பேனர் இருந்தால்தான் எனக்கு வாய் திறக்கும். ஆயினும், பட்டறைக்கு வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் ஒரே கேள்வியைக் கேட்கிறபடியால், எல்லோருக்குமாக ஒரு தடவை சொல்லிவிடலாம் என்று வந்தேன். "எத்தனால் கலந்ததிலிருந்து வண்டி இழுக்கவில்லை, மைலேஜ் கிடைக்கவில்லை, என்ன செய்வது?" என்பதுதான் அக்கேள்வி.

எத்தனால் என்பது சாராயம்தான், வேறொன்றுமில்லை. கரும்புச் சாற்றிலிருந்தும், சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகிலிருந்தும், மக்காச்சோளம், அரிசி முதலிய தானியங்களிலிருந்தும் வடிக்கிறார்கள். 2022 ஜூனில் பெட்ரோலில் 10 சதவிகிதம் வரை கலந்தார்கள். 20 சதவிகிதத்துக்கு 2030 என்று முதலில் வைத்திருந்த கெடுவை 2025-க்கு இழுத்தார்கள். அந்த வருஷமே அதை எட்டியும் விட்டார்கள். அதாவது, 5 லிட்டர் போட்டால் அதில் 1 லிட்டர் சாராயம்.

புரளிகளை முதலில் ஒதுக்கி வைப்போம். எஞ்சின் வெடிக்கும் என்றார் ஒருவர். கரும்புச் சாராயமானபடியால் டேங்கில் எறும்பு மொய்க்கும் என்றார் இன்னொருவர்! சர்க்கரை புளித்த பிறகுதானே சாராயம். அதில் எறும்புக்கு என்ன வேலை? எத்தனாலுக்கு நல்ல குணமும் உண்டு. எஞ்சினில் 'நாக்கிங்' சத்தத்தைக் குறைக்கும். வெளிநாட்டு எண்ணெய்க்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை மிச்சப்படுத்தும். இதை மறைத்துப் பேச வேண்டியதில்லை.

ஆனால் கணக்கு இங்கேதான் இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் தரும் சூட்டில் மூன்றில் இரண்டு பங்குதான் ஒரு லிட்டர் எத்தனால் தரும். சூடு குறைந்தால் ஓட்டமும் குறையும். நான் சொல்வதை விடுங்கள். நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையே பழைய இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவிகிதமும், பழைய கார்களில் 6 முதல் 7 சதவிகிதமும் குறையும் என்கிறது. தினம் ஆலைக்குப் போக வர 24 கிலோமீட்டர் ஓடுகிற தோழருக்கு மாதம் 26 நாளில் 624 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கொடுத்த வண்டி 48 கொடுத்தால், பன்னிரண்டரை லிட்டர் செலவான இடத்தில் 13 லிட்டர் செலவாகும். மாதம் அரை லிட்டர், வருஷத்துக்கு 6 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்தாலும் 600 ரூபாய். கார் வைத்திருப்பவனுக்கு இது தூசு. பிள்ளைக்கு நோட்டும் செருப்பும் வாங்க வேண்டியவனுக்கு அப்படியல்ல.

ஓட்டம் குறைந்ததே, விலை குறைந்ததா? இல்லை. எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு வரிச் சலுகை கொடுத்து விலையைக் குறைக்கலாம் என்று அதே 2021 அறிக்கை யோசனை சொல்லியிருந்தது. 2025-ல் கேட்டபோது, எத்தனாலின் கொள்முதல் விலையே லிட்டருக்கு 71 ரூபாய்க்கு மேலாகிவிட்டது என்று பெட்ரோலிய இலாகா பதில் கூறியது. அது உண்மையாகவே இருக்கட்டும். அந்தச் சுமையை பங்க்கில் நிற்கிறவன் தலையில் மட்டும் ஏன் வைக்க வேண்டும்?

பிரேஸில் தேசத்தைப் பாருங்கள். 1973-ல் எண்ணெய் விலை ஏறியதன் பின், 1975-ல் அங்கே கரும்புச் சாராயத் திட்டம் தொடங்கினார்கள். 1979-ல் முழுக்க முழுக்கச் சாராயத்தில் ஓடும் கார் வந்தது. குளிர்காலக் காலையில் அது கிளம்பாது. கிளப்புவதற்கென்றே சின்ன பெட்ரோல் டேங்க் ஒன்று தனியாக வைத்தார்கள்! 1989-ல் சாராயத்துக்குத் தட்டுப்பாடு வந்து ஜனங்கள் திண்டாடினார்கள். பிறகு 2003-ல், எதைப் போட்டாலும் ஓடும் கார் வந்தது. அங்கும் பெட்ரோலில் கலப்பு உண்டு, நம்மைவிட அதிகமாகவே. ஆனால் தனிச் சாராயத்துக்குப் பங்க்கில் வேறு விலை. டிரைவர் போர்டைப் பார்த்து மனக்கணக்குப் போடுகிறான்: சாராய விலை பெட்ரோல் விலையில் 70 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் சாராயம், இல்லாவிட்டால் பெட்ரோல். அந்தக் கணக்குப் போடும் உரிமை நமக்கு இல்லை.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். 2023 ஏப்ரலிலிருந்து வந்த வண்டிகளின் குழாயும் வாஷரும் இதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. பழைய கார்புரேட்டர் வண்டிதான் தொல்லை. இன்ஜெக்ஷன் வண்டி கலவையைத் தானே ஓரளவு சரிக்கட்டும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. காற்று ஜாஸ்தி, எண்ணெய் கம்மி என்று ஆகி இழுவை குறையும்.

போன மழைக்காலத்தில் ஒரு கரும்பு வெட்டும் அண்ணன் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். வெட்டுக்காக வெளியூர் போய் நாலு மாதம் கழித்துத் திரும்பியவர். வண்டி கூரையில்லாத இடத்தில், கால் டேங்க் எண்ணெயோடு நின்றிருக்கிறது. திறந்து பார்த்தேன். ரப்பர் குழாய் ஊதிப் போயிருந்தது; கார்புரேட்டர் கிண்ணத்தில் பாசி மாதிரிப் படிவு. டேங்க் அடியில் தண்ணீரும் சாராயமும் சேர்ந்து தங்கி, மேலே பெட்ரோல் தனியாக மிதந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். எஞ்சினுக்குப் போவதும் அந்த அடித்தண்ணீர்தான்.

"ஏன் தம்பி, நான் வெட்டின கரும்பா என் வண்டியைக் கெடுத்தது?" என்றார் அவர்.

"கரும்போ மக்காச்சோளமோ, அதைக் கண்டுபிடிக்க என்னிடம் யந்திரம் இல்லை அண்ணே" என்றேன். சிரித்தார். பில்லைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. குழாய்க்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு அனுப்பினேன்.

ஆகையால் வெளியூர் வேலைக்குப் போகிற தோழர்கள் இதைச் செய்யுங்கள். வண்டியைக் கூரைக்குள் நிறுத்துங்கள். நீண்ட நாள் போவதானால் டேங்க் எண்ணெயை முழுதாக வடித்து, பக்கத்து வீட்டார் வண்டிக்குக் கொடுத்துவிடுங்கள். பிறகு பெட்ரோல் காக்கை மூடி, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள். கார்புரேட்டர் கிண்ணம் காலியாகிவிடும். டேங்க் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மழைக்கு முன்னே மாற்றுங்கள். எண்ணெய்க் குழாயை வாரம் ஒரு தடவை விரலால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ வெடிப்புக் கண்டாலோ அன்றைக்கே மாற்றிவிடுங்கள். சூடான எஞ்சின் மேல் எண்ணெய் சொட்டுவது விளையாட்டல்ல.