சிறிய அடுக்களையில் இருவர் நிற்க இடம்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இயலும் இசையும் நாடகமும் அரங்கேறும் இந்த மேடையில் அடுக்களையைப் பற்றி ஓர் உரையா என்று சிலர் வியக்கக்கூடும். தில்லி மாநகரில் தமிழ் நிலைத்திருப்பதற்கு மேடைக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அடுக்களைக்கும் அவ்வளவு பங்கு உண்டு. நம் குழந்தைகள் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பேசுகிறார்கள். வெந்தயம், பெருங்காயம், தாளிப்பு, அகப்பை என்னும் சொற்களை அவர்கள் கற்பது புத்தகத்தில் அன்று. அம்மாவின் அருகில் நின்றுதான். அப்படி அருகில் நிற்க இடம் இருக்கிறதா? இன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி இதுவே.

நம் காலனி வீடுகளின் அடுக்களைகள் சிறியவை. சமையலறையின் பரப்பு 5 சதுர மீட்டருக்கும், அகலம் 1.8 மீட்டருக்கும் குறையக் கூடாது என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறும் பொது அளவு. சாமான் அறை தனியே இருந்தால் 4.5 சதுர மீட்டரே போதும் என்கிறது அது. ஐந்து சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 54 சதுர அடி. அதில் மேடைக்கும் தொட்டிக்கும் போக எஞ்சுவது ஒருவர் திரும்பி நிற்கும் இடம்தான். பெரும்பாலோர் வாடகை வீட்டிலோ அரசுக் குடியிருப்பிலோ வாழ்கிறோம். சுவரை இடிக்க உரிமையில்லை. மாற்றல் உத்தரவு வந்தால் மூட்டை கட்ட வேண்டும். ஆகவே சுவரைத் தொடாமலும், கையைக் கடிக்காத செலவிலும் செய்யக் கூடியவற்றையே இங்கே கூறப் புகுகிறோம்.

அதற்கு முன் ஒரு பழைய காட்சியை நினைவூட்ட விரும்புகிறோம். குறுந்தொகையின் 167 ஆம் பாடலில் கூடலூர் கிழார் ஒரு புதுமனைவியைக் காட்டுகிறார். தயிரைப் பிசைந்த விரலை உடுத்த ஆடையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிக்கும் புகை கண்ணில் ஏற, அவள் தானே குழம்பு சமைக்கிறாள். கணவன் உண்டு, இனிமை என்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. அழகிய பாட்டு, ஐயமில்லை. ஆயினும் அந்த அடுக்களையில் புகைக்குத் துணையாக அவள் ஒருத்திதான் இருக்கிறாள். ஈராயிரம் ஆண்டு ஆகியும் நம்மில் பல வீடுகளில் காட்சி மாறவில்லை. உதவ வருபவரையும், “இங்கே இரண்டு பேர் நிற்க முடியாது, போய் உட்காருங்கள்” என்று அனுப்பிவிடுகிறோம். இடமின்மை ஒரு காரணம். நாளடைவில் அதுவே வழக்கமும் ஆகிவிடுகிறது.

மேலை நாட்டிலும் இவ்வாறே நடந்தது. 1926 இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் எளிய மக்களுக்கு வீடுகள் கட்டியபோது, மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் ஒரு சிற்றடுக்களையை வகுத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். இரயில் வண்டியின் உணவுப் பெட்டியில் உள்ள சமையலறையைப் பார்த்து, கை எட்டும் தொலைவில் எல்லாப் பொருளும் இருக்குமாறு அமைத்தார். அந்நகரில் ஏறக்குறைய பத்தாயிரம் வீடுகளில் அது இடம்பெற்றது. பெண்ணின் நடையும் நேரமும் மிச்சமாயின. ஆனால் பிற்காலத்தவர் அதில் ஒரு குறை கண்டனர்: அதில் ஒருவரே வேலை செய்ய முடியும்; வீட்டின் மற்றவர்களிடமிருந்து அது அவளைப் பிரித்துவிட்டது என்றனர். அதன் சிக்கனத்தை நாம் எடுத்துக்கொள்வோம், தனிமையை விட்டுவிடுவோம். அடுக்களையின் அளவை அடிக்கணக்கால் அளப்பதைவிட, அதில் எத்தனை பேர் இடியாமல் நிற்கலாம் என்பதால் அளப்பதே பொருத்தம்.

இனிச் செய்முறைக்கு வருவோம்.

முதலாவது, வெளியேற்றுதல். இதற்குக் காசு வேண்டாம், மனம்தான் வேண்டும். முன்னாளில் தில்லியில் புழுங்கலரிசியும் நல்ல புளியும் எளிதில் கிடைக்கவில்லை. ஊருக்குப் போனவர்கள் கிராண்ட் டிரங்க் விரைவு வண்டியில் ஓராண்டுப் புளியும் வடகமும் அப்பளமும் கட்டிக்கொண்டு வந்தார்கள். அது அன்றைய தேவை. இன்று கரோல் பாகிலும் இராமகிருஷ்ணபுரத்திலும் நம் ஊர்ச் சாமான்கள் கிடைக்கின்றன. ஆயினும் மூட்டை கட்டும் பழக்கம் நம்மை விடவில்லை. மாதத்துக்கு வேண்டியது அடுக்களையில் இருக்கட்டும். மிகுதி கட்டிலின் அடிக்குப் போகட்டும். ஓராண்டாகத் தொடாத பாத்திரம் எதுவோ அது அடுக்களைக்கு உரியதன்று.

சீராக வந்த பித்தளை அண்டாவையும் வெண்கலப் பானையையும் விற்கச் சொல்கிறோம் என்று தாய்மார்கள் அஞ்ச வேண்டாம். அவை பிறந்த வீட்டின் நினைவு. அண்டாவைப் படுக்கையறை மூலையில் வைத்து, கோடை முழுவதும் ரஜாய்களையும் கம்பளிகளையும் அதில் போட்டு மூடலாம். பாத்திரமும் இருக்கும், பெட்டி வாங்கும் செலவும் மிஞ்சும். வாரம் ஒரு நாள் மட்டும் சுழலும் கிரைண்டருக்கு உருளை வைத்த பலகை ஒன்று செய்து மேடையின் அடியில் தள்ளிவிடலாம். பக்கத்து வீட்டாரோடு மனம் ஒத்தால் இரு வீட்டுக்கும் ஒரு கிரைண்டரே போதும்.

இரண்டாவது, டப்பாக்கள். உருண்டை டப்பா இடத்தைத் தின்னும். ஓரடிச் சதுர இடத்தில் ஓரடி விட்டமுள்ள உருண்டை டப்பாவை வைத்தால், நூற்றில் ஏறக்குறைய 78 பங்கு இடமே பயன்படும். மூலைகளில் 22 பங்கு வீண். பத்து டப்பாவுக்கு இரண்டு டப்பா இடம் இப்படிப் பறிபோகிறது. சதுர டப்பாக்களாக மாற்றினால் அதே பலகையில் கூடுதலாகச் சாமான் கொள்ளும். ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. பழையது பழுதாகும்போது சதுரமாக வாங்கினால் போதும்.

மூன்றாவது, சுவர். தரையில் இடம் இல்லாதபோது சுவரில் தேடுவதே முறை. மேடைக்கு மேலே ஆறு அங்குல அகலத்தில் ஒரு பலகை போதும். ஆழமான அலமாரியில் பின்வரிசைச் சாமான் கண்ணுக்குத் தெரியாமல் கெட்டுப்போகும். குறுகிய பலகையில் எல்லாம் ஒரு வரிசையாக நிற்கும். கரண்டி, சல்லடை, வாணலி ஆகியவற்றை ஒரு கம்பியில் கொக்கியிட்டுத் தொங்கவிடலாம். ஆணி அடிக்க வீட்டுக்காரர் இசையாவிட்டால், தரையில் நிற்கும் ஒடுக்கமான இரும்புத் தட்டு உதவும். மாற்றலாகிப் போகும்போது அதுவும் கூடவே வரும்.

நான்காவது, கதவு. பலரும் எண்ணிப் பாராத இடம் இது. உள்நோக்கித் திறக்கும் இரண்டரை அடிக் கதவு, திறக்கும்போதெல்லாம் ஏறக்குறைய ஐந்து சதுர அடித் தரையைத் துடைத்துச் செல்கிறது. 54 சதுர அடியில் ஐந்து அடி சிறிதன்று. கதவைக் கீலிலிருந்து கழற்றிப் பரண்மேல் வைத்துவிடலாம். வீட்டைக் காலி செய்யும்போது திரும்ப மாட்டிவிடலாம். அடுப்பின் அருகே இருந்தால் அதற்குப் பதிலாகத் திரைச்சீலை மட்டும் வேண்டாம், தீப்பற்றும்.

ஐந்தாவது, ஒளியும் காற்றும். இருண்ட அறை சிறுத்துத் தோன்றும். வெளுத்த அறை விரிந்து தோன்றும். சிறிது நீலம் கலந்த சுண்ணாம்பை ஆண்டுக்கு ஒரு முறை பூசினால் தாளிப்புக் கறை மறையும், அறை விரியும். சன்னலில் டப்பா அடுக்குவது நம் வீடுகளின் பொதுப்பிழை. அதை ஒழித்து, ஆந்தியில் படிந்த புழுதி போக வலையைக் கழுவினால் பாதி விளக்கு மிச்சம். அறை நடுவில் உள்ள விளக்கு நம் முதுகில் விழுந்து, நறுக்கும் இடத்தில் நம் நிழலையே போடுகிறது. பலகையின் அடியில் ஒரு சிறு எல்.இ.டி. குழல்விளக்கைப் பொருத்தினால் அந்த நிழல் நீங்கும். பழைய 40 வாட் குழல்விளக்கு தந்த ஒளியை 20 வாட் எல்.இ.டி. தருகிறது, ஆகவே மின்கட்டணத்துக்கும் அஞ்ச வேண்டாம்.

இடத்தை மிச்சப்படுத்துவதில் ஓர் எல்லையும் உண்டு. எரிவாயு உருளையை அடைத்த அலமாரிக்குள் ஒளிக்கக் கூடாது. அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையிலேயே தேங்கும். உருளை நிமிர்ந்து, காற்றோட்டமான இடத்தில் நிற்க வேண்டும். அடுப்பு உருளையைவிட உயரத்தில் இருக்க வேண்டும். குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையேனும் மாற்ற வேண்டும். அழகுக்காக உயிரை அடகு வைப்பது சிக்கனம் ஆகாது.

இறுதியாக, இரண்டாவது ஆளுக்கு ஒரு பலகை. நாம் சொன்ன அனைத்தினும் இதுவே முதன்மையானது. அடுக்களை வாசலை ஒட்டிய சுவரில், கீல் வைத்து மடக்கும் பலகை ஒன்றைத் தச்சரிடம் செய்து மாட்டலாம். நீளம் இரண்டடி, அகலம் ஓரடி போதும். பழைய மரம் இருந்தால் கூலி மட்டுமே செலவு. வேலை முடிந்ததும் மடக்கிவிட்டால் அது இடத்தை அடைக்காது. அதில் நின்று கணவர் காய் நறுக்கலாம். மகன் தேங்காய் துருவலாம். மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே, “அம்மா, கடுகு வெடிக்கிறது” என்று தமிழில் சொல்லலாம். ஊரிலிருந்து வந்த பாட்டிக்கு அருகில் ஒரு முக்காலி போட்டால், கீரை ஆய்ந்துகொண்டே அவர் சொல்லும் கதைக்கு அங்கேயே அவை கூடிவிடும்.

அன்பர்களே, ஆண்மக்களுக்கு ஒரு வேண்டுகோள். பலகையை மாட்டுவதோடு உங்கள் கடமை தீர்ந்தது என்று எண்ணாதீர்கள். குழம்பு நன்றாக இருக்கிறது என்று பாராட்டும் பண்பு நமக்குப் பழமையானது. குழம்பு கொதிக்கும்போதே அருகில் நிற்கும் பண்பையும் அதனோடு சேர்த்துக்கொள்வோம். தாய்மார்களே, உதவ வருபவர் காயைக் கோணலாக நறுக்கினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள், விரட்டிவிடாதீர்கள். அளவில் மாறாத அந்த அடுக்களை, இருவர் நிற்கத் தொடங்கிய நாள் முதல் வீட்டின் பெரிய அறையாகிவிடும்.