திரும்பி வந்த பிள்ளைக்கும் நம் பாடசாலையில் இடம்



1977, 1983 வன்செயல்களில் அடிபட்டு லயத்தை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன நம் சனத்தில் பலர், யுத்தம் துரத்தவே படகேறித் தமிழ்நாட்டு முகாம்களுக்கும் போனார்கள். அங்கே பிள்ளைகளின் படிப்பு அறுந்துபோகாமல் காத்ததில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்துக்குப் பங்குண்டு. 1984இல் சந்திரகாசன் தொடங்கிய அந்த அமைப்பு முகாம்களில் மாலை வகுப்பு நடத்தியது. படித்த அகதி இளைஞர்களே படிப்பித்தார்கள்.

இன்று சில குடும்பங்கள் திரும்பி வருகின்றன. இந்தியாவில் பிறந்த பிள்ளைக்கு அங்கத்தைய பிறப்புப் பத்திரம் மட்டும் போதாது. இலங்கைப் பிரஜையாகப் பதிய வேண்டும். அது முடியும் வரை பிள்ளை லயத்தில் குந்தியிருக்கலாமா? 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டவர்கள் நாம். 2003 சட்டம் வரும் வரை கடதாசி இல்லாமல் நம்மவர் பட்ட பாடு மறந்துவிடுமா?

ஆகவே மூன்று காரியம் செய்வோம். முதலில் பிள்ளையை வகுப்பில் இருத்துவோம். பத்திரத்தைக் கூடவே தேடுவோம். மாதம் ஒரு நாள் கிராம சேவகரையும் தோட்டத் தலைவர்களையும் பாடசாலைக்கு அழைத்து விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்போம். கொழுந்தெடுக்கும் தாய் பேரை இழந்து கந்தோர் கந்தோராக அலைய வேண்டாம். சிங்களம் தெரியாமல் வரும் பிள்ளைக்கு, உயர்தரம் முடித்த நம் பிள்ளைகள் மாலையில் சொல்லிக்கொடுக்கட்டும்.

அகதிக்கு அகதி செய்ததை, கூரையும் கரும்பலகையும் உள்ள நாம் செய்ய முடியாதா? படிப்பிக்க விரும்புவோர் தோட்டத் தலைவரிடம் பெயர் கொடுங்கள்.