வெள்ளைக்கு அடியில் கரி

பாலியஸ்டர் ஆடைகளின் மீது ஸ்கிரீன் பிரிண்டிங் செய்வோர் எதிர்கொள்ளும் சிக்கல்களுள் மிகவும் அறியப்பட்டதும், மிகவும் அவசரமாகக் கையாளப்படுவதும் சாயப் பெயர்ச்சியே ஆகும். சிவப்புச் சட்டையில் அச்சிடப்பட்ட வெள்ளை எண், மேசையை விட்டு இறங்கும்போது தூய வெண்மையாக இருந்து, சில நாட்களுக்குள் இளஞ்சிவப்பாக மாறிவிடுவதை இத்தொழிலோடு சிறிதேனும் தொடர்புடைய நேயர்கள் கண்டிருப்பர். மெஷ், ஸ்குயீஜி, கியூரிங் ஆகியவை பற்றிய அடிப்படைகள் அவர்கள் அறிந்தவையே ஆதலின், இவ்வுரை அவற்றை விடுத்து, அந்நிறமாற்றத்தின் காரணத்தையும், அதனைத் தடுக்கும் முறைகளுள் தலையாயதாகக் கருதத்தக்க கரி அடிப்பூச்சையும் மதிப்பிடுகிறது.

பருத்திக்கு இடப்படும் ரியாக்டிவ் சாயம் இழையோடு வேதிப் பிணைப்பால் ஒன்றிவிடுகிறது. பாலியஸ்டர் இழையிலோ அத்தகைய பிணைப்புக்கு இடமில்லை. எனவே அதற்கு டிஸ்பர்ஸ் சாயம், அதாவது நீரில் எளிதில் கரையாமல் நுண்துகள்களாக மிதக்கும் சாயம், அழுத்தக் கலத்தினுள் ஏறத்தாழ 130 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஏற்றப்படுகிறது. அவ்வெப்பத்தில் தளர்ந்து இடங்கொடுக்கும் இழை, ஆறியபின் இறுகிச் சாயத்தை உள்ளே அடைத்துக்கொள்கிறது. சாயம் அங்கே கட்டுண்டு கிடக்கவில்லை, அடைபட்டு மட்டுமே கிடக்கிறது என்பதே இங்குக் கருதத்தக்கது. மீண்டும் சூடேறினால் இழை மறுபடியும் தளர்கிறது. கற்பூரம் உருகாமலே ஆவியாவதைப் போல, சாயமும் திட நிலையிலிருந்து நேரே ஆவியாகி வெளியேறத் தொடங்குகிறது.

வெளியேறும் சாயத்திற்கு வாய்த்த புகலிடம் பிளாஸ்டிசால் மை. பிவிசி என்னும் நெகிழியின் நுண்தூள், பிளாஸ்டிசைசர் எனப்படும் எண்ணெய் போன்ற மென்மையூட்டியில் கலந்து நிற்பதே இம்மை. வழக்கமான வகை முழுமையாக உருகி ஒன்றுபட ஏறத்தாழ 160 டிகிரி வெப்பம் வேண்டும். மை பதமாவதற்குத் தேவைப்படும் வெப்பமே சாயத்தை எழுப்பிவிடும் வெப்பமாகவும் அமைந்திருப்பதில்தான் சிக்கலின் மூலம் உள்ளது. மேலும், மென்மையூட்டி டிஸ்பர்ஸ் சாயத்தை எளிதில் கரைத்துக்கொள்வது. மை இறுகிய பின்னும் அது அச்சுப் படலத்தினுள் தங்கியிருப்பதால், சூட்டோடு அடுக்கப்பட்ட சட்டைக் கட்டுகளிலும், வெயிலில் நிற்கும் சரக்குப் பெட்டகங்களிலும் பெயர்ச்சி மெல்லத் தொடர்கிறது. சுருங்கக் கூறின், சாயத்தை எழுப்புவது வெப்பம். அதனை இழுத்துக்கொள்வது மை. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் கவனித்து மற்றதை விட்டுவிடும் எம்முறையும் அரைகுறை முறையே.

அத்தகைய அரைகுறை முறையே இன்று பெருவழக்காகியுள்ளது. பனியன் தொழிலால் பெயர்பெற்ற திருப்பூர், பருத்தியோடு நின்றுவிடாமல் செயற்கை இழை ஆடைகளுக்கும் கைநீட்டியுள்ள காலம் இது. ஓட்டப் போட்டிக்கும் கல்லூரி விழாவுக்கும் பாலியஸ்டர் சட்டையே கேட்கப்படுகிறது. இவ்வேகத்தில், லோ பிளீட் எனப்படும் வெள்ளை மையை இரண்டு மூன்று படலங்களாகக் கனமாக ஏற்றிவிட்டால் போதும் என்னும் நம்பிக்கை பரவியுள்ளது. அம்மையிலுள்ள வேதிப்பொருள் வந்துசேரும் சாயத்தை வெளுக்கச் செய்கிறது என்பது உண்மையே. பருத்தி கலந்த துணிகளில் அது நன்றாகவே பயன்படுகிறது. ஆயினும் முழுப் பாலியஸ்டரில், குறிப்பாகத் தாளில் அச்சிட்ட வடிவத்தை ஏறத்தாழ 200 டிகிரியில் அழுத்தித் துணிக்கு ஏற்றும் சப்ளிமேஷன் முறையில் வண்ணம் பெற்ற துணியில், வந்துசேரும் சாயத்தின் அளவு அதன் ஆற்றலை விஞ்சிவிடுகிறது. மேலும், சூடான சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், அதே வேதிப்பொருள் அடுத்த சட்டையின் நிறத்தை வெளுத்து, கோஸ்டிங் எனப்படும் மங்கலான நிழற்படிவையும் உண்டாக்கக்கூடும்.

இனி, கரி அடிப்பூச்சு. வெள்ளை மைக்கு முன்னதாக, நுண்துளைகள் நிறைந்த கரித்தூள் கலந்த கருஞ்சாம்பல் நிற மையைத் துணியின்மேல் அடிப்படலமாக அச்சிடுவதே இம்முறை. கரித்துகள் தன்னை வந்தடையும் சாய மூலக்கூறுகளைத் தன் துளைப்பரப்பில் பற்றி நிறுத்திவிடுவதால், மேலுள்ள வெள்ளைக்குச் சாயம் ஏறுவதில்லை. லோ பிளீட் மை வந்துவிட்ட சாயத்தோடு போராடுகிறது. கரி அதனை வரவிடாமலே நிறுத்துகிறது. வந்ததை வெளுப்பது வேறு, வராமல் தடுப்பது வேறு. இவ்வேறுபாடே கரியை ஏனைய முறைகளினும் உயர்ந்ததாக்குகிறது.

வெள்ளைக்குக் கீழே கறுப்பு அடித்தால் அழுக்காகத் தெரியாதா என்பது அச்சுக்கூடங்களில் தவறாமல் எழுப்பப்படும் மறுப்பு. அடிப்படலம் சொரசொரப்பாகவும் மேல் வெள்ளை மெலிதாகவும் இருப்பின் அம்மறுப்பு நியாயமானதே. ஆனால் அக்குறை முறையினுடையதன்று, கையினுடையது. அடிப்பூச்சு துணியின் மயிரிழைகளை அமுக்கிச் சமதளமாக்க வேண்டும். அதில் ஊசிமுனை அளவு துளை இருப்பினும் அதன்வழியே சாயம் மேலேறும். ஆதலின் இழுப்பின் அழுத்தமும், திரை துணியை விட்டு விலகும் இடைவெளியும் ஒரே சீராக இருத்தல் வேண்டும்.

ஓரங்களில்தான் தேர்ந்த கையின் திறம் வெளிப்படுகிறது. அடிப்பூச்சு வெள்ளைக்கு வெளியே மயிரிழை நீண்டாலும் எழுத்தைச் சுற்றிச் சாம்பல் கோடு தெரியும். அதற்கஞ்சி அடிப்பூச்சை மிகுதியாக உள்ளொடுக்கினாலோ, ஓரத்து வெள்ளை நேரே துணியில் படிந்து அங்கே சாயம் ஏறி, எழுத்துக்கு இளஞ்சிவப்பு விளிம்பு அமையும். நீண்டாலும் பிழை, ஒடுங்கினாலும் பிழை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அந்தச் சிறு அளவை, திரையின் இழுவிசையையும் துணியின் நெகிழ்வையும் அறிந்து வகுக்கும் அச்சுத் தொழிலாளியே இக்கலையில் தேர்ந்தவர் எனல் தகும்.

கரி தடுத்துவிடும் என்பதற்காக வெப்பத்தைக் கட்டற்றுவிடலாகாது. ஏறத்தாழ 130 முதல் 135 டிகிரியிலேயே பதமாகும் குறைவெப்ப மைகள் இன்று கிடைக்கின்றன; அடிப்பூச்சுக்கும் வெள்ளைக்கும் அவற்றையே கொள்வது நலம். டிரையர் முகப்பில் காணும் எண் துணியின் வெப்பமன்று என்பதை மறவாமல், மையின் மீதே வெப்பமானியை வைத்து அளத்தல் வேண்டும். நிறங்களுக்கு இடையே இடப்படும் பிளாஷ் சூடும் மேலோட்டமாக உலர்த்தும் அளவோடு நிற்க வேண்டும். அது மிகும்போது அச்சுப் பலகையே சூடேறி, அடுத்தடுத்து வரும் சட்டைகளை அடியிலிருந்து வாட்டுகிறது. டிரையரிலிருந்து வரும் சட்டைகள் ஆறிய பின்னரே அடுக்கப்படல் வேண்டும். மீண்டும் கூறத்தக்கது: சாயத்தை எழுப்புவது வெப்பம், அதனை இழுத்துக்கொள்வது மை.

சிலிகோன் மைகள் குறைந்த வெப்பத்தில் இறுகுவன, நன்கு நெகிழ்வன என்று போற்றப்படுகின்றன. அவற்றின் தரம் மறுக்கத்தக்கதன்று. எனினும் வினையூக்கி கலந்தபின் குறுகிய நேரத்திற்குள் பயன்படுத்தித் தீர்க்கவேண்டிய கட்டாயமும், அவற்றின் விலையும் சிறு பட்டறைகளுக்குப் பொருந்துவன அல்ல.

அச்சுக்கு முன்னதாகச் சாயப்பட்டறையின் பொறுப்பும் உண்டு. சாயமேற்றிய பின் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் கலந்த வெந்நீரில் துணியை அலசி, இழையின் மேற்பரப்பில் ஒட்டிய சாயத்தை அகற்றும் ரிடக்ஷன் கிளியரிங் என்னும் படி, செலவு கருதிச் சுருக்கப்படும்போது, அக்குறை பின்னர் அச்சில் வெளிப்படுகிறது. உலர் வெப்பத்தில் சாயம் எவ்வளவு நிலைக்கிறது என்பதை அறிய ஐஎஸ்ஓ 105-பி01 என்னும் சோதனை உள்ளது. 150, 180, 210 டிகிரிகளில் 30 விநாடி சூடேற்றி, அடுத்துவைத்த வெள்ளைத் துணியில் ஏறிய கறையை 1 முதல் 5 வரையிலான அளவுகோலால் அது மதிப்பிடுகிறது. இதில் 5 என்பதே சிறந்த நிலை. இவ்வறிக்கையைக் கேட்டுப் பெறாமல் துணியை அச்சுக்கு ஏற்பது முறையன்று.

கரி அடிப்பூச்சு கூடுதலாக ஒரு திரையையும், ஒரு பிளாஷையும், மை விலையையும் வேண்டுவது. விலைப்புள்ளி கொடுக்கும் நிலையிலேயே இச்செலவு கணக்கில் சேர்க்கப்படாவிடின், பின்னர் அடிப்பூச்சைக் கைவிட்டு வெள்ளையைக் கனமாக்கும் வழியே அச்சிடுவோருக்கு எஞ்சுகிறது. அவ்வாறு மிச்சப்படுத்திய தொகையைக் காட்டிலும், நிறம் மாறித் திரும்பிவரும் சரக்கினால் நேரும் இழப்பு பன்மடங்கு மிகுதி. ஆகவே பாலியஸ்டருக்கான ஒப்பந்தத்தில் வெள்ளையின் விலையை எழுதுமுன் கரியின் விலையை எழுதுதலே, இத்தொழிலில் ஈடுபடுவோர் மேற்கொள்ளத்தக்க முதல் ஒழுங்காகும்.